அறுபத்து நான்கு சிவப்புப் புள்ளிகள்

அந்த அக்காவை நான் முதலில் பார்த்தது ஜார்ஜ் டவுனில், மின்னணுச் சாமான்கள் விற்கும் ஒரு குறுகலான கடையில். கடை முதலாளியான தவுக்கே அவர் முன்னால் ஐம்பது சிவப்பு எல்இடி விளக்குகள் கொண்ட பாக்கெட் ஒன்றை எடுத்து வைத்திருந்தார். அக்கா கைப்பையிலிருந்து ஒரு பொத்தான் பேட்டரியை எடுத்தார். பாக்கெட்டைப் பிரித்தார். ஒவ்வொரு விளக்காக அதன் இரண்டு கால்களுக்கு நடுவே பேட்டரியைச் செருகி, எரிகிறதா என்று பார்த்து ஓரமாக வைத்தார். பின்னால் நாங்கள் நான்கு பேர் காத்து நின்றோம். எல்லாம் புதுச் சரக்கு என்று தவுக்கே மலாயில் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். அக்கா நிமிரவே இல்லை.

கடைசிக்குச் சற்று முன்னால் ஒரு விளக்கு எரியவில்லை. அதைத் தவுக்கேயின் முன்னால் தனியாக வைத்தார். அவர் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார். அதையும் பேட்டரியில் வைத்துப் பார்த்த பிறகுதான் பையை மூடினார். பிறகு திரும்பி, என் கையிலிருந்த சர்க்யூட் போர்டைப் பார்த்தார்.

"ஒரிஜினல்னு சொன்னானா?"

ஆமாம் என்றேன்.

"சொல்லுவான்" என்றார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. தன்னைப் பற்றி ஒருத்தி எழுதுகிறாள் என்று தெரிந்தால், எதற்காக எழுதுகிறாள் என்றுதான் முதலில் யோசிப்பார்.

இருவரும் சுங்கை பினாங்கில் ஒரே அடுக்குமாடியில்தான் குடியிருந்தோம். நான் ஆறாவது மாடி, அவர் எட்டாவது. நான் கெலுகோரில் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். ஓய்வு நேரத்தில் சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகள் செய்து பார்ப்பது எனக்குப் பொழுதுபோக்கு. அக்காவுக்கு அது பொழுதுபோக்கா என்று சொல்லத் தெரியவில்லை. கணினிச் சில்லுகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் ஏறக்குறைய முப்பது வருடம் நுண்நோக்கியில் கண்ணை வைத்துக் குறை தேடியவர். "எங்களுக்குச் சம்பளமே நம்பாம இருக்கறதுக்குத்தான்" என்று ஒருமுறை சொன்னார். வேடிக்கையாகச் சொல்கிறார் என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கிளினிக்கில் ரத்த அழுத்தம் பார்த்தால் இன்னொரு கையிலும் பார்க்கச் சொல்வார். சமையல் வாயு சிலிண்டர் வந்தால், கொண்டுவந்தவர் நிற்கும்போதே உடல் எடை பார்க்கும் கருவியில் அதை ஏற்றுவார். மனிதர்களைச் சோதிக்க வேறு முறை வைத்திருந்தார். ஒரு கேள்வியைச் சாதாரணமாகக் கேட்பார். ஒரு வாரம் கழித்து அதையே வேறு பேச்சுக்கு நடுவில் மறுபடி கேட்பார். இரண்டு பதிலும் ஒன்றுதானா என்று பார்க்கிறார் என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. புரிந்த பிறகு அவர் வீட்டில் காப்பி குடிக்கும்போதுகூட, போன வாரம் என்ன சொன்னேன் என்று மனசுக்குள் தேடிக்கொண்டிருப்பேன்.

அந்தச் சந்தேகத்தால்தான் நான் உயிரோடு இருக்கிறேன் என்றும் சொல்ல வேண்டும். ஒருநாள் என் வீட்டுக் குளியலறையில் கை கழுவப் போனவர், வாட்டர் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். யார் மாட்டியது என்று கேட்டார். வீட்டுக்காரர் ஆள் வைத்து மாட்டியது, நல்லாத்தான் ஓடுது என்றேன். மேலே போய்த் தன் டெஸ்டரை எடுத்துவந்து, ஹீட்டரைப் போட்டுவிட்டு, குழாயின் உலோகப் பகுதியில் அதன் முனையை வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், மின்சாரம் கசிந்தால் தரைக்கு இறக்கிவிட வேண்டிய எர்த் கம்பி எதிலும் இணைக்கப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதில் எட்டு மாதமாகக் குளித்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாத்தான் ஓடுதுன்னு சொன்னியே" என்றார். அவ்வளவுதான்.

அவருடைய கணவர், நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், பஸ் ஓட்டுநராக இருந்தவர். நான் பழக ஆரம்பித்தபோதே பக்கவாதம் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. "பா" என்ற ஒரே சத்தம்தான் மிச்சம். தண்ணீர் வேண்டுமென்றாலும் பா, வலித்தாலும் பா. அக்காவுக்குக் காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை ஷிஃப்ட். அந்த நேரத்தில் அண்ணனைப் பார்த்துக்கொள்ள, பக்கத்துக் கட்டடத்திலிருந்து கமலா என்ற பெண் வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். சமையலறைச் சுவரில் அக்கா ஒரு தாளில் விதிகள் எழுதி ஒட்டியிருந்தார். எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை, எத்தனை மணிக்குப் படுக்க வைப்பது, இப்படிப் பல. கடைசி வரிக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தது. வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. முன்பொருமுறை லிஃப்ட் ரோசாக் ஆகி, பழுதாகி நடுவில் நின்று, அண்ணனோடு அக்கா ஒரு மணி நேரம் உள்ளே மாட்டிக்கொண்டார். அதன் பிறகு வந்த விதி அது.

ஒரு சனிக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டு, ஒரு பெட்டி செய்ய வேண்டும் என்றார். போர்டு, கம்பி, சால்டரிங் எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். புரோகிராம் எழுத அவருக்கு வராது, அது என் வேலை. ஒரு பொத்தானை அமுக்கினால் எண் ஒன்று கூட வேண்டும். அமுக்கிய நேரத்தையும் அது ஞாபகம் வைத்திருக்க வேண்டும். இவற்றைக் காட்ட ஒரு சின்ன எல்இடி மேட்ரிக்ஸ் வைக்க வேண்டும். எதற்கு என்று கேட்டேன். மாத்திரை கொடுத்த கணக்குக்கு என்றார். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டேன், அவரிடம் கற்றுக்கொண்டபடி. மாத்திரைக்கு என்றுதான் சொன்னார். ஆனால் பதில் சொல்வதற்கு முன் என்னை ஒரு கணம் பார்த்தார். நான் எதற்காக இரண்டாம் முறை கேட்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

மேட்ரிக்ஸ் இரண்டு விரல் அகலச் சதுரம். எட்டு வரிசையில் எட்டெட்டாக அறுபத்து நான்கு சிவப்புப் புள்ளிகள். பின்னால் அதை இயக்கும் சில்லு. போர்டிலிருந்து அதற்கு ஐந்து கம்பிகள்தான். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டு மேசையில் இணைத்துப் பார்த்தோம். முதலில் எண்கள் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி வந்தன. நான் புரோகிராமைத் திருத்தினேன். பன்னிரண்டு என்ற எண் சிவப்பாக, தெளிவாக நின்றது. முடிந்தது என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

"எல்லாத்தையும் எரிய விடு" என்றார் அக்கா.

எரிய விட்டேன். கடைசிப் பத்தி, மேலிருந்து கீழ் வரை, முழுக்க இருட்டாக இருந்தது. எட்டுப் புள்ளிகள். என் எண்கள் ஏழாவது பத்தியோடு முடிந்துவிடுவதால் அது எனக்குத் தெரியவே இல்லை. அக்கா உருப்பெருக்கியை எடுத்து அடிப்பக்கத்துக் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ஈயம் சரியாகப் பிடிக்காத ஒரு காலைக் கண்டுபிடித்துச் சூடு வைத்தார். கடைசிப் பத்தியும் எரிந்தது.

பிறகு இன்னொன்று செய்தார். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே போர்டிலிருந்து தரவு போகும் கம்பியைப் பிடுங்கினார். எண் அணையவில்லை. அந்தச் சில்லு கடைசியாக வந்ததைப் பிடித்து வைத்துக்கொண்டு அதையே காட்டும்.

"பாத்தியா? செத்துப் போனாலும் பழசையே காட்டும்" என்றார்.

எனவே, ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் விநாடிக்கு ஒருமுறை அணைந்து எரிய வேண்டும், அது நின்றால் பெட்டி நின்றுவிட்டது என்று அர்த்தம் என்றார். அதையும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் இன்னொரு மாற்றமும் கேட்டார். சாதாரண நேரத்தில் அது மணியை மட்டும் காட்டினால் போதும். பின்பக்கத்தில் ஒரு பொத்தானை அமுக்கினால் மட்டும் எண்ணிக்கையும் நேரங்களும் ஓட வேண்டும். மாத்திரைக் கணக்கை ஏன் ஒளித்து வைக்க வேண்டும் என்று அப்போதே தோன்றியது. கேட்காமல் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து மேலே போனபோது பெட்டி அலமாரியில் மணி ஆறு என்று காட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பி சுவர் ஓரமாக வாசற்கதவு வரை போயிற்று. கதவில் ஒரு காந்தத் துண்டு, நிலையில் அதற்கு எதிரே ஒரு சுவிட்ச். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் எண் ஒன்று ஏறும். நான் பார்ப்பதை அக்கா பார்த்தார். மறைக்கவில்லை. உட்காரச் சொல்லித் தன் காரணங்களைச் சொன்னார்.

வேலை முடிந்து அவர் வரும்போது அண்ணன் அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறார். அக்கா வீட்டில் இருக்கும் சனி, ஞாயிறில் மட்டும் தூங்குவதில்லை. பதினொரு மணியானால் நாற்காலியைத் தட்டிக்கொண்டு ஒரே தொந்தரவு. மாத்திரைகளை எண்ணிப் பார்த்துவிட்டார், சரியாக இருக்கிறது. அப்படியென்றால் கமலா வெளியிலிருந்து எதையோ வாங்கிவந்து கொடுக்கிறாள். சக்கர நாற்காலியின் சக்கரங்களில் ஒரு தூசி இல்லை. அப்படியென்றால் இவரை வீட்டுக்குள்கூட நகர்த்துவது கிடையாது. இப்போது பெட்டியும் சொல்கிறது: தினமும் பதினொன்று பத்துக்குக் கதவு திறக்கிறது, பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி திறக்கிறது.

"தூங்க வெச்சிட்டு எங்கயோ போயிட்டு வரா" என்றார் அக்கா. "முக்கா மணி நேரம் இவரு தனியா கெடக்குறாரு. தீப்பிடிச்சா என்ன செய்வாரு?"

எனக்கும் அது சரியாகவே பட்டது. அதைத்தான் இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும். மறுநாளிலிருந்து லிஃப்டில் கமலாவைப் பார்த்தால் என் கண் தானாக அவர் கைப்பைக்குப் போயிற்று. அவர் எப்போதும்போல் தலையசைத்துப் புன்னகை செய்தார். அந்தப் புன்னகைகூட எதையோ மறைப்பதாகத் தோன்றியது. ஒருநாள் காலை என் வீட்டுக் கதவு நிலையையும் விரலால் தடவிப் பார்த்தேன், காந்தம் ஏதாவது இருக்கிறதா என்று.

கீழே மளிகைக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். ஆனால் மனிதர்கள் வாயால் சொல்வதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் பழக்கம் அக்காவிடம் இல்லை. அவரோடு பழகிப் பழகி என்னிடமும் இல்லாமல் போயிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, சாட்சிக்கு இரு என்று என்னைக் கூப்பிட்டார். அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கமலா கிளம்புவதற்குப் பையை எடுத்தபோது, அக்கா அலமாரிக்குப் போய்ப் பெட்டியின் பின்பக்கத்துப் பொத்தானை அமுக்கினார். சிவப்பு எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடின. பதினொன்று பத்து. பதினொன்று ஐம்பத்து ஆறு. அதற்கு முந்தின நாள். அதற்கும் முந்தின நாள். கமலா கடைசிவரை நின்று பார்த்தார். அது மணி காட்டும் பெட்டி என்றுதான் அவரிடம் சொல்லப்பட்டிருந்தது. தினமும் அதைத் துணியால் துடைத்து வைத்தவரும் அவர்தான்.

ஓடி முடிந்ததும் அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். வீட்டுச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பதில் இல்ல பாத்தியா" என்றார் அக்கா. படுக்கையில் அண்ணன் "பா, பா" என்று சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்கு அக்காவிடமிருந்து போன் வந்தது. லீவு போட்டுவிட்டு அவரே வீட்டில் இருந்தார். அண்ணன் நேற்று மதியத்திலிருந்து சாப்பிடவில்லை, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார் என்றார். நான் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. அண்ணன் நாற்காலியின் கைப்பிடியை இடது கையால் அடித்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டிக் கதவைக் காட்டினார்.

அவர் காட்டுகிற இடத்துக்குத்தான் போய்ப் பார்ப்போமே என்றேன். அக்கா சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலியைத் தள்ளினார்.

லிஃப்டில் கீழே இறங்கினோம். அண்ணனின் கை எங்களுக்கு வழி சொன்னது. மளிகைக் கடையைத் தாண்டும்போது கடைக்காரர் அண்ணனுக்குக் கையைத் தூக்கினார். கேட்டுக்கு வெளியே வந்து, இடது பக்கம் திரும்பி, பெரிய சாலையோரமாகப் போய், பஸ் நிறுத்தத்தின் நிழலுக்கு வந்ததும் கை கீழே இறங்கியது. அங்கே நின்றோம்.

ஐந்து நிமிடத்தில் ஒரு பஸ் வந்தது. யாரும் ஏறவில்லை, ஆனாலும் நின்றது. கதவு திறந்தது. மலாய்க்கார ஓட்டுநர் ஒருவர் ஸ்டியரிங்கிலிருந்து குனிந்து, "கப்தேன்!" என்றார், கேப்டன் என்பதைத்தான் அப்படி. நேற்று ஏன் காணோம், உடம்பு சரியில்லையா என்று மலாயில் கேட்டார். அண்ணன் மூன்று முறை பா என்றார். ஓட்டுநர் எல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டினார். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, அந்தக் கக்காக் எங்கே, தினமும் கூட்டி வருவாரே அந்த அக்கா, என்று விசாரித்தார்.

பஸ் கிளம்பியது. அண்ணன் இடது கையில் இரண்டு விரலைத் தூக்கினார், எதிரெதிரே கடக்கும்போது ஓட்டுநர்கள் ஒருவருக்கொருவர் காட்டுவதுபோல. அடுத்த பஸ்ஸும் ஹார்ன் அடித்துவிட்டுப் போனது. மூன்றாவதும்.

அக்கா அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல அதைப் பிடித்து, கைக்கடிகாரத்தை மேலே தள்ளினார். வார் இருந்த இடம் வெளுத்திருந்தது. அதற்கு மேலும் கீழும் வெயில் பட்டுக் கறுத்திருந்தது. ஒரு மாத வெயில் இல்லை, பல மாத வெயில்.

"நான் இதப் பாக்கலியே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் அண்ணனே வீட்டுப் பக்கம் கையைக் காட்டினார். மேலே வந்ததும் வாசலில் நாற்காலியை நிறுத்தக் கை காட்டி, சக்கரங்களைச் சுட்டிக்காட்டினார். அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு ஈரத்துணி எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து, இரண்டு சக்கரங்களிலும் ஒட்டியிருந்த சாலை மண்ணைத் துடைத்தார். அண்ணன் சாப்பிட்டார். சாப்பிட்டுப் படுத்தவர் அடித்துப் போட்டதுபோல் தூங்கினார்.

அன்று மாலையே கமலாவின் வீட்டுக்குப் போனோம். வாசலில் நிற்க வைத்துப் பேசவில்லை அவர், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். ஏன் சொல்லவில்லை என்று அக்கா கேட்டார்.

"வேணாம்னு எழுதி ஒட்டியிருந்தீங்க. அண்ணே தெனமும் அந்தக் கதவையே பாத்து அழுதாரு. எனக்கு மனசு கேக்கல."

"வெள்ளிக்கெழமயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கலக்கா" என்றார் கமலா. "நம்பரைக் காட்டுனீங்க."

பெட்டியை எடுத்துவிடுகிறேன், மறுபடி வா என்றார் அக்கா. கமலா கோபப்படவில்லை. வரமாட்டேன் என்று மட்டும் சொன்னார். பெட்டி போனாலும் அது அங்கே இருப்பது போலவே தனக்கு இருக்கும் என்றார். கிளம்பும்போது என் பக்கம் திரும்பினார்.

"அந்த எழுத்தெல்லாம் ஓட வெச்சது நீதானா தங்கச்சி?"

ஆமாம் என்றேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவிலிருந்த காந்தத்தையும் சுவிட்சையும் கழற்றினார். ஓய்வுக்கு இன்னும் சில வருடம் இருந்தபோதும் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டார். தினமும் பதினொன்று பத்துக்கு அவரே அண்ணனைக் கீழே கொண்டுபோனார். அதனால் ஆள் மாறிவிட்டார் என்று நினைத்துவிட வேண்டாம். சிலிண்டர் எடை பார்ப்பதை விடவில்லை. பஸ் நிறுத்தத்துக் கூரையின் ஒரு போல்ட் தளர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அதை முடுக்கும்வரை நகராட்சிக்குப் போன் செய்துகொண்டே இருந்தார். என்னிடம் மட்டும் ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்பது நின்றுபோனது. அதைக் கவனித்த நாளில் ஏனோ எனக்கு மகிழ்ச்சியாக இல்லை. அந்தப் பெட்டியைச் செய்ததில் எனக்கிருந்த பங்கை அவர் எடை போட்டு முடித்துவிட்டார் என்றே தோன்றியது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர்கள் வீடு மாறி, தீவைவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். அதற்கு முன்னால் ஒரு நாள், எனக்கு விடுமுறை, நானும் அவர்களோடு பஸ் நிறுத்தத்துக்குப் போயிருந்தேன். பாசாருக்கு, காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டுக் கையில் கீரைக்கட்டோடு கமலா வந்தார். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கினார். அண்ணன் முகம் முழுக்க மலர்ந்து பா என்றார். கமலா அவர் பக்கத்தில் இருக்கையில் உட்கார்ந்தார்.

அக்கா நாற்காலியின் கைப்பிடியை விட்டுவிட்டு, கூரைக்கு வெளியே வெயிலுக்குப் போய் நின்றுகொண்டார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாலையைப் பார்த்தார். அண்ணன் பா பா என்று நீளமாக எதையோ சொன்னார். கமலா குனிந்து கேட்டு, மெதுவாக ஏதோ பதில் சொன்னார். அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்காவின் தோள்கள் அசைந்தன. ஆனால் திரும்பவில்லை. ஒரு பஸ் வந்து போகும்வரை, கமலா எழுந்து கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு போகும்வரை அப்படியே வெயிலில் நின்றார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என்னால் பொறுக்க முடியவில்லை. அவர்கள் என்னக்கா பேசிக்கொண்டார்கள் என்று கேட்டேன்.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டே, "தெரியல" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "கேக்கல" என்றார்.